சாய்ந்து நின்றாலும் செவ்வகம் செவ்வகமே

திண்டுக்கல் மாவட்டத்தில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

உங்கள் கரும்பலகைகளில் செவ்வகம் எப்போதும் படுத்தே கிடக்கிறது. செங்கோண முக்கோணத்தின் செங்கோணம் இடது கீழ் மூலையை விட்டு நகர்வதில்லை. செங்குத்துக் கோடுகள் என்றால் கீழே ஒரு கோடு, அதன்மேல் நட்டமாக ஒரு கோடு. ஆண்டுக்காண்டு இதே படம். இதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாமல் முழுவதும் படித்துவிடுங்கள்.

நான் கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவன். நாகல் நகரிலிருந்து சின்னாளப்பட்டி வரை, ஒட்டன்சத்திரம் சாலையிலிருந்து வேடசந்தூர் வரை வீடு கட்டும் இடங்களில்தான் என் பொழுது போகிறது. உங்களிடம் படித்த பிள்ளைகளே சில ஆண்டுகள் கழித்து என்னிடம் வேலைக்கு வருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் உண்டு. டிப்ளமா முடித்தவர்களும் உண்டு. மூலைமட்டத்தைத் தரையில் நேராக வைத்து, இந்த இரண்டு ஓரமும் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "செங்குத்தா இருக்கு சார், தொண்ணூறு டிகிரி" என்று பட்டென்று சொல்வார்கள். அதே மூலைமட்டத்தை அப்படியே கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டால் தயங்குகிறார்கள். "இப்ப சாஞ்சிருக்கே சார்." சதுரத்தை முனை கீழே வரும்படி திருப்பினால் அது அவர்களுக்கு டைமண்ட் ஆகிவிடுகிறது. இவர்கள் கணக்கில் மதிப்பெண் வாங்காதவர்கள் இல்லை. தேர்வில் கேட்ட படமும் நீங்கள் வரைந்த படமும் ஒன்றாகவே இருந்ததால் வாங்கிவிட்டார்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அன்று. நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே கெல்டோஃப் தம்பதியர் 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் இதைத்தான் எழுதினார்கள். குழந்தை முதலில் வடிவத்தின் மொத்தத் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறது. பக்கம், கோணம் என்று பண்புகளைப் பார்க்கும் நிலைக்கு அது பிறகுதான் ஏறுகிறது. வயது கூடுவதால் மட்டும் ஏறிவிடுவதில்லை, சொல்லித்தரும் முறைதான் ஏற்றிவிடுகிறது என்றார்கள். அந்தக் கடைசிப் பகுதிக்காகவே அவர்களை இங்கே நினைவூட்டுகிறேன். முதல் படியில் நின்றுவிட்ட பிள்ளை தானாக மேலே வராது. கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் பையில் தூக்குக்குண்டும் இருக்கும், மூலைமட்டமும் இருக்கும். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. சுவர் நிமிர்ந்து நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு பூமியின் இழுப்பை வைத்துச் சொல்லும். மூலைமட்டத்துக்குப் பூமி தேவையில்லை. இரண்டு கோடுகள் இருந்தால் போதும். அவை எந்தத் திசையில் கிடந்தாலும் தமக்குள் செங்குத்தா இல்லையா என்று சொல்லிவிடும். மனையில் வானம் தோண்ட நூல் கட்டுகிறோமே, அந்த நூல்கள் எல்லாம் படுத்தபடிதான் இருக்கின்றன. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஆனாலும் முன்பக்க நூலும் பக்கவாட்டு நூலும் ஒன்றுக்கொன்று செங்குத்து. சின்னாளப்பட்டித் தறியில் பாவும் ஊடும் அப்படியே. நிமிர்ந்து நிற்பதும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதும் வேறு வேறு என்பது பிள்ளையின் மனதில் பிரியாதவரை, நீங்கள் அடுத்து நடத்தும் பாடம் ஒவ்வொன்றும் அந்தக் குழப்பத்தின் மேல்தான் எழும்புகிறது.

யூக்ளிட் தன் நூலின் தொடக்கத்திலேயே இதை வரையறுத்து வைத்தார். ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு வந்து நின்று, இருபுறமும் உண்டாகும் அடுத்தடுத்த கோணங்கள் சமமாக இருந்தால் அவை செங்கோணங்கள். வந்து நின்ற கோடு செங்குத்து. அந்த வரையறையில் 90 என்ற எண்ணே கிடையாது. மேல், கீழ் என்ற பேச்சும் கிடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமா என்ற ஒரே கேள்விதான். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கேள்வி இது. இதை விட்டுவிட்டுக் கோணமானியில் 90 என்ற இடத்தைக் காட்டித் தொடங்குவதால், பிள்ளை எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, சமத்தை விட்டுவிடுகிறது.

கோணம் ஒரு டிகிரி தப்பினால் என்ன ஆகிவிடும் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். கணக்குப் போட்டே காட்டுகிறேன். இங்கே சாதாரணக் குடும்பம் வாங்கும் மனை முப்பதுக்கு நாற்பது. 1200 சதுர அடி, ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். முன்பக்க மூலையில் 90-க்குப் பதில் 91 டிகிரியாக நூல் கட்டிவிட்டால், நாற்பது அடி பின்னால் போய்ச் சேரும்போது மூலை எட்டு அங்குலத்துக்கும் மேல் நகர்ந்திருக்கும். பக்கத்து மனைக்காரர் சும்மா இருப்பாரா? நாலு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தால் முப்பது, நாற்பது, முப்பது, நாற்பது என்று சரியாகவே இருக்கும். பரப்பளவு கால் சதுர அடிகூடக் குறைந்திருக்காது. தப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. மூலைக்கு மூலை டேப் பிடிக்கிறவனுக்கு மட்டும் தெரியும்: இரண்டு மூலைவிட்டங்களுக்கும் நடுவே பத்து அங்குல வித்தியாசம் வந்து நிற்கும்.

எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் இணைகரம். மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் செவ்வகம். இதை நீங்கள் சொல்லித்தராமல் இல்லை. பண்புகள் என்ற தலைப்பின்கீழ் வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள். அந்த வரி ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும் வரி என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. பிறகு டைல்ஸ் போடும்போது உண்மை வெளியே வருகிறது. பன்னிரண்டு அடி அறையில் மூலை ஒரு டிகிரி கோணியிருந்தால், ஒரு சுவரை ஒட்டி வரிசை பிடித்த டைல்ஸ் பக்கத்துச் சுவர் ஓரமாகப் போகப்போக விலகி, கடைசியில் இரண்டரை அங்குல ஆப்பு ஒன்று மிச்சம் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் வேறு அளவில் வெட்ட வேண்டும். அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில். அந்தப் பேச்சு கொத்தனார் தலையில்.

மனையைவிடப் பெரிய நட்டம் தோட்டங்காட்டில் நடக்கிறது. நம் சமவெளிக் காடுகள் நூல் பிடித்த செவ்வகங்கள் அல்ல. ஓடையை ஒட்டியும் வண்டிப்பாதையை ஒட்டியும் கோணலும் மாணலுமாகப் பிரிந்தவை. இவற்றை வாய்க்கணக்காக அளக்கும்போது எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரியையும் பெருக்கிவிடுகிறார்கள். நாற்கரம் செவ்வகமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரி. வேறு எந்த வடிவமாக இருந்தாலும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். எதிர்ப்பக்கங்கள் நூறு அடியும் எண்பது அடியுமாக, மூலை 60 டிகிரியில் சாய்ந்த ஒரு காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கு 8000 சதுர அடி என்று சொல்லும். பதினெட்டு சென்டுக்கு மேல். நூறடிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து செங்குத்து இறக்கி அளந்தால் எண்பது அடி இருக்காது, 69 அடி சொச்சம்தான் இருக்கும். பரப்பு 6928 சதுர அடி. பதினாறு சென்டுக்கும் கீழே. கிட்டத்தட்ட இரண்டரை சென்ட் இல்லாத நிலத்துக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறார் வாங்குபவர்.

நம் மாநிலத்து நில அளவையின் அடிப்படையே இந்தச் செங்குத்துதான். உங்கள் ஊரின் ஏதாவது ஒரு புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்துக்குள் ஒரு நீளக் கோடு போட்டு, வளைந்து நெளிந்த எல்லையின் ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஆஃப்செட் அளந்து எழுதியிருப்பார்கள். கோடு பெரும்பாலும் சாய்ந்துதான் ஓடும்; ஆஃப்செட்டுகளும் அதற்கேற்பச் சாய்ந்தே நிற்கும். முக்கோணத்தின் உயரம் என்று நீங்கள் நடத்துவது இதைத்தான். எந்தப் பக்கத்தையும் அடிப்பக்கமாக எடுக்கலாம், எதிர் முனையிலிருந்து அதற்குச் செங்குத்தாக வரும் கோடே உயரம், விரிகோண முக்கோணத்தில் அது முக்கோணத்துக்கு வெளியேகூட விழும். இதையெல்லாம் ஒரு புலப்படத்தை வைத்துக்கொண்டு நடத்த முடியும். அப்பா பட்டாவோடு மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு ஏமாறாது.

எல்லாமே செங்கோணமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605-இல் எழுப்பிய நம் மலைக்கோட்டை மதில் பாறையின் போக்கில்தான் வளைந்து போகிறது. அங்கே அதுதான் சரி. செங்கோணம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்று பார்த்தறியும் கண்தான் பிள்ளைக்குத் தேவை. ஒழுங்கு அறுகோணத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான பக்கங்கள் உண்டா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எந்த இரண்டும் கிடையாது. எண்கோணத்தில்? அடுத்தடுத்த பக்கங்கள் செங்குத்து இல்லை. ஆனால் ஒரு பக்கத்தை விட்டு அடுத்ததை நீட்டினால் இரண்டும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். சாய்சதுரத்தில் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும். மனப்பாடம் செய்த படம் எதுவும் இந்தக் கேள்விகளுக்கு உதவாது. பார்த்தும் யோசித்தும்தான் சொல்ல வேண்டும்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொத்தனார் மூலை பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? மூலையில் முளை அடித்து, ஒரு நூலில் மூன்று அடியும் மறு நூலில் நான்கு அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே ஐந்து அடி வரும்வரை நூலை நகர்த்துவார். பெரிய வீடாக இருந்தால் ஆறு, எட்டு, பத்து என்று பிடிப்பார். ஏன் என்று கேட்டால், "சின்னதுல தப்பு தெரியாதுங்க, பெருசா புடிச்சாத்தான் காட்டிக் கொடுக்கும்" என்பார். அவர் சொல்வது கணக்கின்படி சரி. ஒரு டிகிரி கோணினால் மூன்று-நான்கு-ஐந்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம் காட்டும்; ஆறு-எட்டு-பத்தில் ஒரு அங்குலம் காட்டும். அளவீட்டுப் பிழையைப் பற்றிய இந்த அறிவு எந்த வகுப்பிலும் கற்றதில்லை. தன் மேஸ்திரியிடமிருந்து கைக்குக் கை வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செங்கோணம் இருந்தால் வர்க்கங்களின் கூட்டல் பொருந்தும் என்பதை நீங்கள் பித்தகோரஸ் தேற்றமாக நடத்துகிறீர்கள். யூக்ளிடின் முதல் புத்தகத்தில் அது 47-ஆவது. கொத்தனார் பயன்படுத்துவது 48-ஆவதை: வர்க்கங்களின் கூட்டல் பொருந்தினால் அங்கே செங்கோணம் இருந்தே தீரும். மறுதலைத் தேற்றம். பாடத்தில் அவசரமாகக் கடந்துபோகும் அந்த மறுதலையின் மேல்தான் இந்த ஊரின் வீடுகள் நிற்கின்றன.

அந்தக் கொத்தனாரின் மகள் உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "கூலி" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொள்கிறாள். படிக்காவிட்டால் செங்கல் தூக்கத்தான் போவாய் என்ற வார்த்தை வகுப்பறைகளில் எத்தனை எளிதாக வந்து விழுகிறது! அக்கறையில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் தன் அப்பாவின் கையில் இருப்பது கணக்கே இல்லை, கணக்கு வேறெங்கோ புத்தகத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை அன்றே முடிவுகட்டிவிடுகிறாள். பிறகு அதே கணக்கை அவளுக்குப் புரியவைக்க நீங்கள் படாத பாடு படுகிறீர்கள். அவள் வீட்டில் மூலைமட்டம் ஆணியில் தொங்குகிறது. அதே கருவி சிறிய உருவில் அவளுடைய ஜியோமெட்ரி பெட்டியிலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இது நம் மாவட்டத்தில் நடப்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடத்தையும் கற்பிக்கலாம் என்ற ஆதாரக் கல்வி 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்தது. அந்த நம்பிக்கையோடுதான் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் அங்கே கிராமிய நிறுவனம் வந்தது. உங்களில் சிலர் அங்கேயே படித்திருப்பீர்கள். தறியும் உளியும் கரண்டியும் பாடப்புத்தகத்துக்குச் சமம் என்று சொன்ன மண்ணில், கொத்தனாரின் நூலை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

கருவி வாங்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். நம் சென்னையிலேயே 1893-இல் டி. சுந்தரராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். குழந்தைகளின் கிண்டர்கார்டன் விளையாட்டுக் காகிதங்களைப் பார்த்தே அந்த யோசனை தமக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்ட, 1901-இல் சிகாகோவில் அது மறுபதிப்பாக வந்தது. அமெரிக்கா வரை போன அந்த முறை நம் வகுப்பறைக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை.

பழைய காலண்டர் தாள் ஒன்று போதும். ஓரம் கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. தாளின் ஓரத்தை நம்பிப் பிள்ளை தப்பித்துக்கொள்ள முடியாது. எப்படி வேண்டுமானாலும் ஒரு மடிப்பு. பிறகு அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு மடிப்பு. பிரித்தால் நாலு கோணம், நாலும் சமம். கோணமானி வேண்டாம், 90 வேண்டாம். யூக்ளிடின் வரையறை பிள்ளையின் விரலிலேயே நடந்துவிட்டது. தாளை எப்படித் திருப்பினாலும் அந்த இரண்டு கோடுகளின் உறவு மாறவில்லை என்பதை அது தானே கண்டுகொள்ளும். அந்த மடித்த முனையை எடுத்துக்கொண்டு வகுப்பறைக் கதவு, ஜன்னல், மேசை, நோட்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு குச்சிகள் என்று எல்லாவற்றிலும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எது செங்கோணம், எது கொஞ்சம் கூட, எது கொஞ்சம் குறைவு என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டு சொல்வார்கள்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். இரண்டு வகுப்பை ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. பாடம் நடத்தும் நேரத்தில் எமிஸ் பதிவேற்றம் கேட்கிறார்கள். பருவம் முடிவதற்குள் புத்தகம் முடிய வேண்டும். இதற்கு நடுவே இன்னொரு வேலையா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதனால்தான் புதிய பாடம் எதையும் கேட்கவில்லை. நடத்துகிற பாடத்தையே கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். கரும்பலகையில் செவ்வகம் வரையும்போது பலகையின் ஓரத்துக்கு இணையாக வரையாதீர்கள். வேண்டுமென்றே சாய்த்து வரையுங்கள். செங்கோணத்தை மேல் முனையிலும் வலப்பக்கத்திலும் வைத்துக் கேள்வி கேளுங்கள். வகுப்புத் தேர்வில் ஒரு படமாவது பிள்ளை இதுவரை பார்க்காத திசையில் இருக்கட்டும்.

அதோடு ஒரே ஒரு பாடவேளை. அடுத்த பருவத்தில் வடிவியல் வரும் வாரத்தில், உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் கொத்தனாரோ சித்தாளோ தச்சரோ யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களில் ஒருவரை முறைப்படி அழையுங்கள். மைதானத்தில் நாலு முளை அடித்து, முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை அவர் நூல் கட்டிக் காட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, அவர் செய்வது எந்தத் தேற்றம் என்று சொல்லுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடிப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலி போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி அந்தக் கூலியைக் கொடுத்து அனுப்புங்கள். சும்மா வந்து போகச் சொல்லாதீர்கள். வருகைப் பதிவேட்டில் விருந்தினர் என்று அவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அவர் பிள்ளையின் கண்முன்னால்.

டேப்பும் நூலும் முளையும் சுத்தியலும் என் பொறுப்பு. உங்கள் பகுதியில் ஆள் கிடைக்காவிட்டால் என்னோடு வேலை செய்பவர்களில் ஒருவரை நானே அழைத்து வருகிறேன். எந்தப் பள்ளி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும்
ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
திண்டுக்கல்.